கணுக்கால் கம்பி ஒடிந்த மத்தியானம்

அதனால்தான் சொல்கிறேன், பால் சொசைட்டியில் காதில் விழுந்ததை எல்லாம் இங்கே தூக்கிக்கொண்டு வராதீர்கள். ராணியும் பாண்டியும் புருஷன் பெண்டாட்டி கிடையாது. அண்ணன் தங்கச்சியும் கிடையாது. ராணிக்கு உத்தமபாளையத்தில் புருஷன் இருக்கிறான், கரண்டு ஆபீசில் வேலை, தங்கமான பையன். பாண்டிக்கு இன்னும் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, "பொம்மைக்கு நடை பழக்குறேன்" என்று சொன்னானாம். யார் கொடுப்பார்கள்? காப்பித் தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்த இரண்டு பேரும் சேர்ந்து பொம்மைப் படம் எடுக்கிறவர்கள். அந்த உறவுக்கு நம் கூடலூரில் இன்னும் பேர் வைக்கவில்லை. அதனால் ஆளுக்கு ஒரு பேர் வைத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

உட்காருங்கள், நிற்காதீர்கள். நீங்கள் மூன்று பேரும் எனக்குத் தெருக்காரப் பிள்ளைகள். நாளைக்கு இந்தக் கொட்டகையில் பொம்மைக்குத் துணி தைக்க, பசை காய்ச்ச என்று வேலையில் சேரப் போகிறீர்கள். எனக்குக் கண்ணில் புரை விழுந்து ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனதால் நான் நின்றுகொண்டேன். என் இடத்துக்குத்தான் நீங்கள். நான் ஒருத்தி செய்ததற்கு மூன்று பேர் என்று நினைத்தால் எனக்கே கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.

நான் சொல்லச் சொல்ல உங்களில் ஒருத்தி எழுதிக்கொள்கிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் 'வந்தாக' என்றால் அவள் 'வந்தார்கள்' என்று எழுதி, என் பேச்சுக்கு இஸ்திரிச் சட்டை மாட்டிவிடுகிறாள். மாட்டட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே எழுது தாயி என்று சொல்லியிருக்கிறேன்.

நான் முதலில் மலை வேலைக்காரி. விடியும் முன்னே ஜீப் ஏறினால் குமுளி தாண்டி ஏலத்தோட்டம். பொழுது சாயத் திரும்பி வந்து இறங்குவோம். முட்டி இனிமேல் சரிவில் நிற்க மாட்டேன் என்றதும், கீழே ஊரில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கிட்டங்கிக்கு மாறினேன். காய் வராத மாதங்களில் கிட்டங்கி சும்மா கிடக்கும். எலிக்கும் எனக்கும்தான் அங்கே வேலை. அந்தச் சமயத்தில்தான் முதலாளி அதை இந்த இரண்டு பேருக்கும் விட்டார். கூட்டிப் பெருக்க என்னையும் சேர்த்து விட்டார். முதல் காய் இறங்குகிற அன்றைக்குக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு.

முதல் நாள் உள்ளே போனால், ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. நடுவில் தரையோடு முடுக்கிய பெரிய மேசை. மேசை மேலே நம் ஜீப் ஸ்டாண்டு! டீக்கடை இருக்கிறது, கடையில் தொங்குகிற வாழைத்தார் இருக்கிறது, என் முழங்கை உயரத்துக்கு ஒரு லைட் கம்பம் இருக்கிறது. கம்பத்தில் சாய்ந்துகொண்டு ஒரு சின்னப் பிள்ளை நிற்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ராணி கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், ஒரு பொம்மையை என் கையில் வைத்தாள்.

"ஆத்தா, இவக எங்கம்மா. மலைக்குப் போற மாதிரி உடுத்திவிடு."

ராயப்பன்பட்டிக்காரி அவள். அவள் அம்மாவும் எங்களைப் போல ஜீப்பில் போய் வந்தவள்தான். எந்நேரமும் ஜெபமாலையும் தூக்குவாளியுமாக இருப்பாள். இந்தப் படத்தை இவர்கள் நினைப்பதற்கு முன்பே நோயில் போய்விட்டாள். பொம்மைக்கு அதே முகம். ராணி அந்த முகத்தைப் பிசைந்து பிசைந்து எத்தனை முறை அழித்தாளோ. நான் சேலை கட்டி, அதற்கு மேலே ஆம்பளைச் சட்டை தைத்துப் போட்டேன். தலைக்குத் துண்டு. இடுப்பில் சாக்கு. கையில் தூக்குவாளியை மாட்டியதும் ராணி கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாண்டி அதைக் கவனித்தான். போய் விளக்குகளை அணைத்துவிட்டு, கரண்டு போயிருச்சு என்று ஒரு பொய் சொன்னான். வெளியே டீக்கடை மிக்சி கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. இவனுக்கு வேறு பொய் கிடைக்கவில்லை பாருங்கள்.

இவர்கள் வேலை செய்கிற விதம் உங்களுக்கு நாளைக்கே தெரிந்துவிடும். ராணி கை, பாண்டி கண். அவள் பொம்மையை ஒரு நெல் தடிமனுக்கு நகர்த்துவாள். கையை எடுத்துவிட்டு 'ம்' என்பாள். அவன் ஒரு ஃபோட்டோ எடுப்பான். மறுபடி ஒரு நெல், மறுபடி ஒரு 'ம்'. எல்லா ஃபோட்டோவையும் சேர்த்து ஓடவிட்டால் பொம்மை நடக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இந்த 'ம்' தான். முதல் வாரம் மாட்டுக் கொட்டத்தில் உட்கார்ந்து அசை போடுவதைக் கேட்பது போலிருந்தது எனக்கு. பழகப் பழகத்தான் ஒவ்வொரு 'ம்'முக்கும் வித்தியாசம் தெரிந்தது. சந்தோஷ 'ம்' உண்டு, சந்தேக 'ம்' உண்டு. சந்தேக 'ம்' வந்தால் பாண்டி ஃபோட்டோ எடுக்க மாட்டான். காத்துக்கொண்டே நிற்பான். "ஏன் எடுக்கல?" என்று அவளும் கேட்க மாட்டாள். பொம்மையைத் திரும்பத் தொடுவாள். நானும் வாழ்க்கை நடத்தியவள்தான். என் வீட்டுக்காரர் என் 'ம்'முக்கு இப்படி ஒரு நாளும் காது கொடுத்ததில்லை. சரி, அவர் கதை எதற்கு இப்போது.

சண்டை வந்தால்தான் வேடிக்கை. நேருக்கு நேர் பேச மாட்டார்கள்.

"ஆத்தா, லைட்டு ரொம்ப மஞ்சளா இருக்குன்னு அங்கன நிக்கிற ஆளுட்ட சொல்லு."

"ஆத்தா, பொழுது சாயிறப்ப மஞ்சளாத்தான் இருக்கும்னு அவட்ட சொல்லு."

"ஏலே, நான் என்ன ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போஸ்ட் ஆபீசா?" என்பேன். அதற்கும் இரண்டு பேரும் சிரிக்க மாட்டார்கள். கல்லு மாதிரி நிற்பார்கள்.

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதை நீங்கள் தெரிந்துகொள்ளவில்லை என்றால் இங்கே பைத்தியம் பிடிக்கும். ஒரு காட்சி எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், மாற்றிச் செய்வார்கள். அவள் சொன்னதை அவன் செய்து காட்ட வேண்டும், அவன் சொன்னதை அவள் செய்து காட்ட வேண்டும். அதுவும் ஏனோதானோவென்று செய்யக் கூடாது. தன்னுடையதை எப்படிச் செய்வார்களோ அதைவிட ஒரு படி மேலே செய்ய வேண்டும். முதல் படத்தில் பஸ் ஏற மாட்டேன் என்கிற ஒரு ஆட்டைப் பற்றி எடுத்தார்களாம். ஆடு திரும்பிப் பார்க்கணுமா வேண்டாமா என்று மூன்று நாள் சண்டை. கடைசியில் ஆடு உடைந்ததுதான் மிச்சம். அன்றைக்குப் போட்ட கட்டு இது. "நீ வேணும்னே கெடுத்துட்ட" என்று யாரும் யாரையும் சொல்ல முடியாது பாருங்கள். இரண்டையும் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். ஏதாவது ஒன்று தானாக ஜெயிக்கும், தோற்றவர் வாயை மூடிக்கொண்டு டீ வாங்கி வர வேண்டும். எனக்கு அந்தக் கட்டு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு சண்டைக்கும் எனக்கு ஒரு டீ.

இந்த ஜீப் படத்தில் அந்தக் கட்டே குழியாக வந்து நின்றது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

படத்துக்குக் கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. கதை ஒன்றும் பெரிசில்லை. சாயங்காலம் ஒரு பிள்ளை ஸ்டாண்டில் அம்மாவுக்காகக் காத்து நிற்கிறது. ஜீப் ஜீப்பாக வருகிறது, அம்மா வரவில்லை. கடைசி ஜீப் வருகிறது. அம்மா இறங்குகிறாள். அவள் எப்படி இறங்க வேண்டும்? அங்கேதான் முட்டிக்கொண்டது.

"எங்கம்மா எறங்குனதும் எங்கிட்ட ஓடி வரணும்," என்றாள் ராணி.

"நாளு பூரா சரிவுல குனிஞ்சு காயெடுத்த ஒடம்பு அப்பிடியா ஓடும்? நான் தெனம் ஸ்டாண்டுல பாக்குறேன். எறங்குனதும் யாரும் யாரையும் பாக்குறதில்ல. மொதல்ல செவத்தோரமா ஒக்காருவாக. பெறகுதான் பிள்ளையத் தேடுவாக," என்றான் பாண்டி.

"அது நீ பாத்த அம்மாக. எங்கம்மாவுக்கு நாந்தான் மொத."

"நீ ஏழு வயசுல பாத்தத இன்னும் பாத்துக்கிட்டு இருக்க."

"நீ எவளோ ஒருத்தியப் பாத்துட்டு எங்கம்மாங்கிற."

என்னை இறங்கிக் காட்டச் சொன்னார்கள். எதிர்த்த வீட்டு ஜீப்பில் ஏறி ஏறி இறங்கினேன். தெருவே கூடிவிட்டது. "ஆத்தா முகத்துல அலுப்பத்தான் பாத்தேன்" என்றான் அவன். "ஆத்தா சிரிச்சுக்கிட்டே எறங்குறாக பாரு" என்றாள் இவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஜீப்புக்குப் படி ரொம்ப உயரம் என்பதுதான்.

மாற்றிச் செய்தார்கள். விளக்கு, ஜீப் எல்லாம் இல்லாமல் வெறும் வெள்ளோட்டம். பாண்டி பொம்மை தொடுகிற ஆள் இல்லை. அவன் வீட்டில் திராட்சைத் தோட்டம், கொடி கட்டிக் கட்டித் தடித்த விரல். அந்த விரலை வைத்துக்கொண்டு அவன் ராணியின் அம்மாவை ஓட வைத்தான். எத்தனை நாள் பாடுபட்டான் தெரியுமா! ஓடுகிறவள் காலை மடக்கி நீட்டி மடக்கி நீட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றான். அடுத்து ராணி அதே பொம்மையை வாங்கி, பாண்டி சொன்னபடி இறக்கி, சுவரோரம் உட்கார வைத்தாள். உட்காருவதற்கு முன்னால் முட்டியை ஒரு தடவை கையால் பிடிக்கிறாள் பாருங்கள், எனக்கு என் முட்டி வலித்தது.

இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள்.

"ஒன்னதுதான் சரி," என்றாள் ராணி.

"இல்ல, ஒன்னதுதான் சரி," என்றான் பாண்டி.

அப்பாடா, ஒருவழியாக முடிந்தது என்று நான் எழுந்து டீக்குத் தூக்கு எடுத்தேன். பிறகுதான் எனக்கே புரிந்தது. நேற்று வரைக்கும் ஓட வேண்டும் என்றவள் இன்றைக்கு உட்கார வேண்டும் என்கிறாள். உட்கார வேண்டும் என்றவன் ஓட வேண்டும் என்கிறான்! சண்டை அப்படியே இருக்கிறது, ஆள் மட்டும் பக்கம் மாறி நிற்கிறார்கள்.

"அவகள உக்கார வைக்கையில அவக முதுகுவலி எங் கையில தெரிஞ்சுச்சு. அம்புட்டு வலியோடவா எனக்காக ஓடி வந்தாக? இனிமே அவகள என்னால ஓடவிட முடியாது," என்று ராணி அழுதாள்.

"ஓட வைக்கையிலதான் அந்த மொகத்த நான் கிட்டக்க பாத்தேன். அவக ஓடாம இருக்க மாட்டாக ராணி. நான் உக்காரச் சொன்னது தப்பு," என்றான் பாண்டி.

நான் எத்தனையோ சண்டை பார்த்திருக்கிறேன். அடுத்தவர் சொன்னதற்காகத் தன்னுடையதை எதிர்த்துச் சண்டை போடுகிற ஆட்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. இவர்கள் செய்தால் முழு மனசோடு செய்வார்கள், அதனால் வந்த வினை.

அதற்கப்புறம் பேச்சு வார்த்தை நின்றுபோனது. போஸ்ட் ஆபீசும் மூடிவிட்டது, என் மூலமாகவும் பேசவில்லை. வருவார்கள், மேசையைச் சுற்றி நடப்பார்கள், போவார்கள். நடுவில் பாண்டிக்குக் கொச்சியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருநாள் வாசலில் வைத்து என்னிடம் சொன்னான்.

"மேசையப் பிரிச்சுட்டா இதே வெளிச்சம், இதே ஸ்டாண்டு திரும்ப வராது ஆத்தா. வாலில்லாத படத்த வச்சுக்கிட்டு இன்னொரு வருசம் கெடக்க எங்கப்பா விடமாட்டாக. காய் எறங்குறதுக்குள்ள இது முடியலேன்னா நான் கொச்சிக்குப் போயிருவேன்."

ராணியிடம் போய் மெதுவாகக் கேட்டேன், அவன் போனால் வேறு ஆளை வைத்துக்கொண்டு செய்ய முடியாதா என்று.

"'ம்'னு சொன்னா புரியணுமே ஆத்தா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாளே முதலாளி போன் செய்துவிட்டார். நாளைக்கு மத்தியானம் லோடு வருகிறது.

அந்த நாளைத்தான் நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். காலையில் இரண்டு பேரும் வந்தார்கள். இரண்டு பேர் கண்ணும் வீங்கியிருந்தது. பாண்டிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஜீப்புல இருந்து எறங்குற வரைக்கும் ரெண்டுலயும் ஒண்ணுதான? எறக்கிருவோம். கால் தரையில படட்டும். பெறகு ஓடுறதா உக்காருறதான்னு பாத்துக்கிருவோம்."

ராணி கொஞ்சம் யோசித்தாள். "ம்," என்றாள். நல்ல 'ம்'.

ஒத்துப்போகாததை ஓரமாக வைத்துவிட்டு, ஒத்துப்போகிற இடத்திலிருந்து கையை வைத்தார்கள் பாருங்கள். எனக்கு அந்தப் புத்தி வீட்டில் வந்திருந்தால் என் மருமகளோடு பாதிச் சண்டை வந்திருக்காது. நான் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆள் நடந்தாலே தரை அதிரும், தரை அதிர்ந்தால் பொம்மை ஆடும், அதுவரை எடுத்தது கெட்டுவிடும். அதனால் காவல்.

மத்தியானம் லாரி வந்தே விட்டது. ஏலக்காய் மூட்டை, மிளகு மூட்டை. லோடுமேன்கள் குதித்து இறங்கினார்கள். டிரைவர் குமுளிப் பக்கத்து மலையாளத்துக்காரர். ஹாரனில் கை வைக்கப் போனார். நான் லாரிக்கு முன்னால் ஓடிப்போய்க் கும்பிட்டு நின்றேன்.

"எந்தா அம்மச்சி, கோயிலா இது?"

"கோயிலு மாதிரிதான்ய்யா. உள்ள ஒரு பொம்பள ஜீப்புல இருந்து எறங்கிக்கிட்டு இருக்கா. ஒரு சத்தம் வரக் கூடாது."

"எறங்கட்டும். எறங்க எம்புட்டு நேரமாகும்?" என்றார் லோடுமேன்களில் மூத்தவர்.

"காலையில இருந்து எறங்குறா. இப்பத்தான் ஒரு கால் கீழ வந்துருக்கு."

"ஏத்தா, வெயில்ல கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?"

"நீயே வந்து பாரு. செருப்பக் கழட்டிட்டு வா. மூச்ச அங்கனயே விட்டுட்டு வா."

அவரைக் கதவிடுக்கில் எட்டிப் பார்க்க வைத்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். சுள்ளி முறிகிற மாதிரி. சின்னச் சத்தம்தான், ஆனால் அவரை இடித்துக்கொண்டு நானும் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

பொம்மைக்குள்ளே எலும்பு மாதிரி கம்பி ஓடும். வெள்ளோட்டத்தில் அவன் ஓடவிட்டு, இவள் உட்காரவிட்டு, மடக்கி நீட்டி மடக்கி நீட்டி அந்தக் கணுக்கால் கம்பி செத்துப்போயிருக்கிறது. தரையில் கால் பட்டு, உடம்புப் பாரம் அதில் ஏறுகிற நேரம் ஒடிந்துவிட்டது. அம்மாவின் ஒரு கை ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்தபடி முடுக்கியிருந்ததால் விழவில்லை. அந்தக் கையில் தொங்கிக்கொண்டு, ஒரு காலைத் தொட்டும் தொடாமலும் நின்றாள். இனிமேல் ஓடவும் முடியாது, நடந்து போய் உட்காரவும் முடியாது. காலைப் பிரித்து வேறு கம்பி கோர்க்க வேண்டுமென்றால் இரண்டு நாள். வெளியே லாரி.

போச்சு என்று நினைத்தேன். இனிமேல் "நீதான் ஓடவிட்டுக் கெடுத்த", "நீதான் உக்காரவிட்டுக் கெடுத்த" என்று ஆரம்பிப்பார்கள். நானாக இருந்தால் ஆரம்பித்திருப்பேன். யாராக இருந்தாலும் முதலில் துள்ளுவது நாக்குத்தானே. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு சத்தத்தையும் காணோம். கண்ணைத் திறந்தேன்.

இரண்டு பேரும் பொம்மையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒடிந்த காலை இல்லை. கம்பியைப் பிடித்துத் தொங்குகிற அந்தக் கையைப் பார்க்கிறார்கள். பிறகு ராணியின் கை எழுந்தது. அது அம்மா பொம்மைக்குப் போகவில்லை. லைட் கம்பத்தில் சாய்ந்து நிற்கிற பிள்ளைக்குப் போனது. படம் முழுக்கச் சும்மா நின்ற பிள்ளை அது. அதன் காலை யாரும் மடக்கியதே இல்லை, கம்பி புத்தம் புதுசு. அதே நேரம், அதே நொடி, பாண்டியின் கை விளக்குக்குப் போயிருந்தது. அம்மா மேலே இருந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, பிள்ளைக்கும் அம்மாவுக்கும் நடுவில் கிடக்கிற வெறும் தரையில் விழ வைத்தான். யாரும் யாரையும் கேட்கவில்லை. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், சத்தியமாகச் சொல்கிறேன்.

"ம்?" என்றாள் ராணி.

"ம்," என்றான் பாண்டி.

அவன் 'ம்' சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

பிள்ளை கம்பத்தை விட்டு நகர்ந்தது. ஒரு நெல், ஒரு ஃபோட்டோ. இன்னொரு நெல். வெளியே டிரைவர் என்னவென்று பார்க்க வந்தார். அவருக்குப் பின்னால் மற்ற லோடுமேன்கள். ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கதவோரம் உட்கார்ந்தார்கள். ஒருவருக்குத் தும்மல் வந்தது. பக்கத்தில் இருந்தவர் தலைத்துண்டைச் சுருட்டி அவர் மூக்கிலேயே அமுக்கினார். மூத்தவர் என் காதுக்குள்ளே கேட்டார்.

"ஆத்தா, பொம்மைக்குக் கால் ஒடஞ்சுருச்சா?"

"ஆமாய்யா."

"அப்ப பிள்ளதான் போயிப் பிடிக்கணும்," என்றார். அவருக்கும் தெரிந்துவிட்டது பாருங்கள். அதற்கப்புறம் அவர் என் பக்கமே திரும்பவில்லை.

டிரைவர் மட்டும், "ஈ குட்டி எத்தற நேரமாயி நடக்குந்நு!" என்று, பிள்ளை எத்தனை நேரம்தான் நடக்கும் என்பது போல முனகினார். அப்படியும் எழுந்து போகவில்லை.

பிள்ளை அம்மாவிடம் வந்து சேர்ந்தது. அம்மாவின் கைக்குக் கீழே தலையை நுழைத்தது. ராணி அந்தக் கையை ஜீப் கம்பியிலிருந்து விடுவித்து, பிள்ளையின் தோளில் இறக்கினாள். அதை இறக்க அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு சட்டையே தைத்திருப்பேன். உடம்புப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை மேலே சாய்ந்தது. பிள்ளையின் முட்டி ஒரு துளி வளைந்து, பிறகு நிமிர்ந்தது. கடைசியில் பிள்ளை, அம்மாவின் இன்னொரு கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டது. வாங்கியதும் ராணி கையை எடுத்துவிட்டுப் பின்னால் வந்தாள். 'ம்' சொல்லவில்லை. பாண்டி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசி ஃபோட்டோவை எடுத்தான்.

கம்ப்யூட்டரில் ஓடவிட்டார்கள். லோடுமேன்கள் எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு பின்னால் நின்றார்கள். இத்தனை நேரம் உட்கார்ந்து பார்த்தது கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துபோனது.

"இம்புட்டுத்தானா?" என்றார் தும்மல்காரர்.

"மறுபடி ஓட்டுப்பா," என்றார் மூத்தவர்.

மறுபடி ஓட்டினார்கள். அம்மா ஓடவில்லை. உட்காரவும் இல்லை. ஆனால் பாருங்கள், பாண்டி சொன்ன அலுப்பும் அதில் இருந்தது, ராணி சொன்ன ஆசையும் அதில் இருந்தது. எனக்கு அதை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேரும் எதற்காக அத்தனை நாள் முட்டிக்கொண்டார்களோ, அது இரண்டுமே சரிதான் போலிருக்கிறது. சுமையை அம்மா தலையிலேயே ஏற்றிப் பார்த்ததுதான் தப்பு. அந்தப் பிள்ளையும் ஒரு ஆள்தானே, அதற்கும் கால் இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ராணி திரையை விரலால் தொட்டாள். "அம்மா," என்றாள். பாண்டி இந்தத் தடவை விளக்கை அணைக்கவில்லை. அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

பிறகு எல்லாருமாகச் சேர்ந்து மேசையைப் பிரித்தோம். ஜீப் ஸ்டாண்டைப் பிரிக்கிற வேலையில் லோடுமேன்களும் கை கொடுத்தார்கள். மூத்தவர் டீக்கடையைத் தலையில் வைத்துக்கொண்டு போன அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வேலைக்கு வருகிற நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள், அந்த யோசனை யாருடையது என்று. நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். படம் எங்கெங்கோ போய் ஓடியது, வெளிநாட்டிலிருந்தெல்லாம் கேட்டார்களாம். ராணியைக் கேட்டால் பாண்டிதான் என்பாள், விளக்கு முதலில் திரும்பியது என்பாள். பாண்டியைக் கேட்டால் ராணி கைதான் முதலில் எழுந்தது என்பான். அதற்கும் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது, மாற்றிச் செய்து பார்க்கிற சண்டையாக அது இல்லாததால் தீரவும் போவதில்லை. இரண்டு கையையும் நேரில் பார்த்தவள் நான். எனக்கும் தெரியாது. நாளைக்கு இங்கே ஏதாவது ஒடியும், சாயும், உருகும். அப்போது யார் கை முதலில் போனது என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இன்னும் எது நிற்கிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

அன்றைக்கு மூட்டையெல்லாம் இறங்கி, லாரியும் போன பிறகு, நாங்கள் மூன்று பேரும் பாண்டி வீட்டுத் தோட்டத்தில், இந்தக் கொட்டகை வாசலில்தான், சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். மடியில் வைத்திருந்த அம்மா பொம்மையின் காலை ராணி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"ஏப்பா பாண்டி, படந்தான் முடிஞ்சிருச்சே. கொச்சிக்கு எப்பப் போற?"

"இந்தக் காலுக்குக் கம்பி மாத்தணும்ல ஆத்தா. இத இப்பிடியே போட்டுட்டு எப்பிடிப் போறது?"

"கம்பி மாத்துறது என் வேல," என்றாள் ராணி.

"அப்ப வெளிச்சம் யாரு பிடிப்பா?"

ராணி எழுந்தாள். பொம்மையைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். "அடுத்த வாரம் மாத்திக்கிருவோம்," என்றாள்.

வருஷம் போய்விட்டது, அந்தக் கால் இன்னும் அப்படியே ஒடிந்துதான் கிடக்கிறது. அவளும் எடுப்பதில்லை, இவனும் கேட்பதில்லை. நீங்கள் நாளைக்கு அலமாரியைத் துடைக்கும்போது அதைப் பார்ப்பீர்கள். நல்ல மனசில் நாமாவது சரிபண்ணிக் கொடுப்போம் என்று ஒருத்தியும் கை வைத்துவிடாதீர்கள், சொல்லிவிட்டேன். நான் இத்தனை நாள் அந்தப் பேச்சையே எடுக்காமல் காப்பாற்றி... அய்யய்யோ, என்ன கருகல் வாசம் வருகிறது? பசை! மைதாப் பசையை அடுப்பில் வைத்துவிட்டுக் கதை பேசிக்கொண்டிருக்கிறேன். எழுதினது போதும் தாயி, ஓடு, தீயைக் குறை. நீ அந்தக் கரண்டியை எடு. அடியில் பிடிக்கிறது பார், கிண்டிக்கொண்டே இரு, நான் எழுந்து வருகிறேன்.